மருந்து காயும் வரை

சாமி,

இங்கு எல்லாரும் சுகம் என்று எழுதத் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு வழக்கமான இருமல், செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. ஆனாலும் சுகம் என்ற சொல்லை எழுதக் கை வரவில்லை. நான் பயந்து போயிருக்கிறேன். இந்த ஊருக்கு இத்தனை வருஷம் மணியம் பார்த்தவன், தாசில்தார் முன்னால் நின்று பதில் சொன்னவன், பெற்ற மகனுக்கு இப்படி எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. கூச்சப்பட இப்போது நேரம் இல்லை. குமாரபாளையத்துச் செங்கோடன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறான். தபாலில் போட்டால் நடுவில் யார் யாரோ பிரித்துப் படிப்பார்கள். உன் கூட லாரி ஓட்டுகிறவன், உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவன்தான். அதனால் இதையும் அவன் கையில்தான் கொடுத்தனுப்பப் போகிறேன்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. மடிப்பு கிழிந்துவிட்டது. பம்பாயில் கப்பலுக்குக் காத்திருக்கிறோம், ஆப்பிரிக்காவுக்குப் போகிறோம் என்று எழுதியிருந்தாய். பட்டாளத்தில் சேர்ந்தவன் போக வேண்டிய இடத்துக்குப் போகத்தான் வேண்டும், அதை ஒருவாறு மனம் ஏற்றுக்கொண்டது. அதற்குக் கீழே நீ எழுதியிருந்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. அந்தத் தேசத்தில் மஞ்சள் காய்ச்சல் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு ஊசி போட்டுக்கொண்ட சீட்டு இல்லாமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள், ஆனால் ஊசி போட்டவர்களில் சிலர் காமாலை கண்டு படுத்துவிட்டார்கள் என்று முகாமில் பேசிக்கொள்கிறார்கள் என்றாய். ஆபீசில் எழுதுகிற ஒருவர் நம் ஜில்லாக்காரர், ஊசி போடாமலே போட்டதாகச் சீட்டு எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார், அதனால் நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்றாய். கடைசியில் ஒரு வரி. "பாவாயிக்கும்தான் அம்மை குத்தினார்கள். குத்தி என்ன ஆயிற்று?"

மகளின் பெயர் இருக்கிற அந்த வரியை உன் அம்மாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை. மற்றதை எல்லாம் படித்துவிட்டு, அங்கே வந்ததும் இருமினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுத்து தெரியாதவள் என்றுதான் பேர். நான் எந்த இடத்தில் தாவுகிறேன் என்பது அவளுக்கு எப்போதும் தெரிந்துவிடும்.

உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். எனக்குத் திட்டத் தெரியும், அது உனக்கும் தெரியும். பிறகு, எனக்கே இந்தக் காய்ச்சலைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்று தோன்றியது. பக்கத்து வீட்டு நாச்சிமுத்துவிடம் சொன்னேன். அவர், "மஞ்சக்காச்சலுங்களா, அட அதுக்குப் போயி ஏனுங்க இந்தப் பாடு, கீழாநெல்லியக் காயவெச்சு ஒரு பொட்டணம் அனுப்பியுடுங்க" என்றார். கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் நான் ஒரு காலத்தில் ஆறுதலான பேச்சைக் கேட்டும், ஆறுதலான பேச்சைப் பேசியும் பட்டது போதும். மறுநாள் காலையில் யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பு வைத்து ஓட்டுகிற பஸ்ஸில் ஏறித் திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேடு வந்த இடத்தில் எல்லாரையும் இறக்கித் தள்ளச் சொன்னார்கள். இந்த வயதில் பஸ் தள்ளினேன், அதையும் தெரிந்துகொள்.

அங்கே இருக்கிற டாக்டர் சின்ன வயசுக்காரர். இங்கு வருவதற்கு முன்னால் துறைமுகத்தில், வெளிதேசத்துக் கப்பல்களில் வருகிறவர்களைச் சோதிக்கிற வேலையில் இருந்தாராம். உன் கடிதத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். படித்து முடித்து மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க மகன் பயப்படற காமாலை வேற, இந்த மஞ்சள் காய்ச்சல் வேற. இதுக்கு மருந்து கிடையாதுங்க ஐயா. வந்தபிறகு யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது. தண்ணி கொடுத்துப் படுக்கவைக்கலாம், அவ்வளவுதான்" என்றார்.

எப்படி வரும் என்று கேட்டேன். கொசு கடித்து வரும் என்றார். காய்ச்சல்காரனைக் கடித்த கொசு சில நாள் கழித்து அடுத்தவனைக் கடித்தால் அவனுக்கும் வந்துவிடும். மூன்று நாள் தலைவலி, இடுப்புவலி, வாந்தி. நாலாம் நாள் காய்ச்சல் விட்டுவிடும். எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பான். பலருக்கு அதோடு சரியாகிவிடும். சிலருக்குத் திரும்பி வரும். அப்போது கண் மஞ்சளாகும், ஈறில் ரத்தம் கசியும், வாந்தி கறுப்பாக வரும். அதன்பின் பிழைக்கிறவர்கள் குறைவு என்றார்.

நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பான் என்று அவர் சொன்னபோது எனக்கு அந்த மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஊசியைப் பற்றியும் கேட்டேன். உனக்காக மறைக்காமல் கேட்டேன், அவரும் மறைக்காமல் சொன்னார். "நானும் கேள்விப்பட்டேன். ஊசி போட்டுக்கிட்ட சிலருக்குக் காமாலை வந்தது நிஜம்தான். முக்கால்வாசிப் பேர் தேறிட்டாங்க. இப்ப அந்த மருந்தைச் செய்யற விதத்தையே மாத்திட்டாங்கன்னு சொல்றாங்க. சந்தேகமே இல்லைன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா என் தம்பி போறதா இருந்தா, நானே கையைப் பிடிச்சு ஊசி போட்டுத்தான் அனுப்புவேன்." ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் உடம்பில் பிடிக்கும் என்றும் சொன்னார்.

பிறகு ஒன்று சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஐயா, அந்தக் கொசு இங்கயும் இருக்கு. காலில் வெள்ளை வெள்ளையாக் கோடு போட்டிருக்கும், பகல்லதான் கடிக்கும். சாக்கடையில இல்ல, வீட்டுல பிடிச்சு வைக்கிற நல்ல தண்ணியிலதான் முட்டை போடும். கொசு இங்க இருக்கு, நோய் மட்டும்தான் இன்னும் வரலை. பொய்ச் சீட்டோட போறவன் நோயோட திரும்பி வந்தான்னா, உங்க ஊர்ல ஒரு வீடு மிஞ்சாது."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தண்ணீர்ப் பானைகளைப் பார்த்தேன். சமையலறைப் பானையிலும், மாட்டுத் தொட்டியிலும், கொல்லையில் கிடந்த உடைந்த உரலிலும் புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன. இத்தனை வருஷமாக அந்தத் தண்ணீரைத்தான் வடிகட்டிக் குடித்திருக்கிறோம். எல்லாவற்றையும் கவிழ்த்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன். உன் அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொரு பானையின் வாயிலும் கட்டினேன். மாட்டுத் தொட்டியை வாரம் இரண்டு தடவை காயவைக்கிறேன். தெருவில் போகிறவர்கள் மணியக்காரருக்கு மூளை கலங்கிவிட்டது என்கிறார்கள். நேற்று மத்தியானம் என் புறங்கையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. காலில் வெள்ளைக் கோடு. அடித்துவிட்டு, அதைத் தாளில் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு சிறிய ஒன்றுக்கு இவ்வளவு பயப்பட வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் டாக்டர் சொன்னது. இதை மட்டும் எழுதி அனுப்பினால் நீ கேட்க மாட்டாய். உன் கடைசி வரிக்குப் பதில் சொல்லாமல் மற்ற எதைச் சொன்னாலும் அது உன் காதில் ஏறாது. பாவாயிக்குக் குத்தினார்கள், ஆனாலும் அவள் போய்விட்டாள், ஆகவே ஊசியால் பயன் இல்லை என்று நீ நினைக்கிறாய். அப்படி நினைப்பதற்கு உனக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. அந்த நியாயத்தை உனக்குக் கொடுத்தவன் நான். பதினாறு வருஷமாக நீ நம்பிக்கொண்டிருப்பது பொய். அதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்தபின் நீ என்னை அப்பா என்று கூப்பிடாமல் போனாலும் போகட்டும்.

அப்போது உனக்கு எட்டு வயது, அவளுக்கு ஆறு. பங்குனி மாதம். மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டித் திருவிழா தொடங்கியாகிவிட்டது. அம்மனுக்கு எதிரே கம்பம் நட்டு, பெண்கள் காலையில் அதற்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பூச்சாட்டிய பிறகு கோயில் பொங்கல் முடிகிற வரைக்கும் ஊரில் யாரும் க்ஷவரம் செய்துகொள்வதில்லை, உடம்பில் இரும்பு படக்கூடாது என்பது நம் ஊர்க் கட்டு. உனக்கே தெரியும். அந்த நாளில்தானா அம்மை குத்துகிறவர் வந்து சேர வேண்டும்? அரசாங்க உத்தரவோடு வந்து, மணியக்காரர் முன்னின்று ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டும் என்றார். சாவடியில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பார். அரசாங்கத்துக்கு நான் மணியக்காரன். கோயிலில் முதல் மரியாதை எனக்கு. குத்த விடாவிட்டால் மேலே எழுதிவிடுவார், மணியம் போகும். குத்த விட்டால் கம்பத்துக்கு முன்னால் நான் எந்த முகத்தோடு நிற்பேன்? பூசாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏனுங்க மணியக்காரரே, சாட்டுக்குப் பொறவு புள்ளைங்க ஒடம்புல இரும்பு பட்டா ஆத்தா பொறுப்பாளுங்களா?" நான் யோசிக்கக்கூட இல்லை. மணியக்காரனுக்குத் தெரியாத வழியா? "குத்தறவரு குத்திக்கட்டுமுங்க. ஊட்டுக்குக் கூட்டியாந்ததும் மஞ்சத்தண்ணியில கழுவி, எலுமிச்சம்பழத்தத் தேச்சு உட்டர்லாம். குத்துனாப்பலயும் ஆச்சு, குத்தாதாப்பலயும் ஆச்சு" என்றேன். அவர் என் சாமர்த்தியத்தைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் பெருமையாக இருந்தது. அரை மணி நேரத்துக்குள் அந்த யோசனை தெரு முழுக்கப் போய்விட்டது.

அம்மை குத்துகிறவர் நல்ல மனுஷர். ஒவ்வொரு பிள்ளைக்கும் குத்திவிட்டு, "மருந்து காயற வரைக்கும் நெழல்ல நில்லு சாமி, கைய வெச்சுத் தேச்சுப்போடாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஊருக்கு முன்மாதிரியாக உங்கள் இருவரையும்தான் நான் முதலில் நிறுத்தினேன். உனக்குக் குத்தி முடித்ததும் நீ என்னை உதறிவிட்டு ஓடினாய். நாலு பேர் துரத்தியும் அகப்படவில்லை. சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாய். மணியக்காரர் மகன் குத்தி முடித்த பிறகும் பயந்து ஓடுகிறான் என்று எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

பாவாயி ஓடவில்லை. நின்ற இடத்தில் நின்று, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குத்திக்கொண்டாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தேன். கொல்லையில் வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரும் நறுக்கிய எலுமிச்சம்பழமும் தயாராக இருந்தன. உன் அம்மா என் முன்னால் வந்து நின்றாள். அதற்கு முன்னும் அதற்குப் பின்னும் அவள் என்னை அப்படி மறித்ததில்லை.

"வேண்டாமுங்க. புள்ள அத்தன வலியப் பொறுத்துக் குத்திக்கிட்டு வந்திருக்குது. இருக்கட்டும் உடுங்க. ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா" என்றாள்.

"உனக்கென்ன தெரியும், அக்கட்டப் போ" என்றேன்.

பாவாயி என்னைப் பார்த்து, "எரியுங்களாப்பா?" என்று கேட்டாள்.

"எரியாது கண்ணு. கைய நீட்டு" என்றேன்.

நீட்டினாள். கீறின இடத்தில் எலுமிச்சம்பழம் பட்டால் எரியாமல் என்ன செய்யும்? உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், அழவில்லை. நான்தான் எரியாது என்று சொல்லிவிட்டேனே, அப்பா சொன்னது பொய்யாகக் கூடாது என்று நின்றாள் என்று பிறகு பல வருஷம் கழித்து எனக்குப் புரிந்தது. மருந்து முழுக்கக் கழுவிப் போயிற்று. அவளுடைய கையைத் துண்டால் துடைத்துவிட்டு, நான் சாவடிக்குத் திரும்பிப் போய் மற்றப் பிள்ளைகளைக் கூட்டிவந்து நிறுத்தினேன்.

நீ பொழுது சாய்ந்து பசியோடு வந்தாய். ஊர் முன்னால் என் மானத்தை வாங்கினதற்காக உன்னை அடித்தேன். அந்த அடி உனக்கு நினைவிருக்கும், அடுத்த நாளும் நீ ஒருக்களித்துப் படுத்திருந்தாய். உன் கையைப் பார்த்தேன். மருந்து காய்ந்து ஒட்டிப் போயிருந்தது. கழுவலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். இனிக் கழுவி என்ன, ஒரு பிள்ளைக்காக அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று விட்டுவிட்டேன். நீ உயிரோடு இருப்பது என் புத்தியால் வந்ததில்லை. நீ ஓடியதால் வந்தது. அதற்குத்தான் உன்னை அடித்தேன்.

எட்டாம் நாள் அம்மை குத்துகிறவர் கொப்புளம் எழும்பியிருக்கிறதா என்று பார்க்க வந்தார். அன்று அவருக்கு இன்னும் மூன்று ஊர் இருந்தது. வெயில் வேறு. மோர் கொடுத்து உட்காரவைத்து, உன்னைக் கூப்பிட்டு உன் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினேன். உன் கையில் முத்துப் போல அழகாக எழும்பியிருந்தது. அவர் உன் கன்னத்தைத் தட்டி, "பேஷ்" என்றார். "எல்லாப் புள்ளைகளுக்கும் இப்பிடியேதானுங்க, நானே ஊடு ஊடாப் போயிப் பாத்துட்டனுங்க" என்றேன். அவர் என்னை நம்பினார். எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடித்துவிட்டது என்று புத்தகத்தில் எழுதி என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உன் கையைக் காட்டித்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன், சாமி. நீ அன்று முழுக்க எவ்வளவு பெருமையாகத் திரிந்தாய் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

வைகாசியில் ஊருக்குள் அம்மை வந்தது. முதலில் குயவர் வீட்டில், பிறகு நம் தெருவில். பாவாயிக்கு மூன்று நாள் காய்ச்சல் அனலாகக் காய்ந்தது. நாலாம் நாள் முத்து வெளியே வந்ததும் காய்ச்சல் தணிந்தது. எழுந்து உட்கார்ந்தாள். "அம்மா, கம்மங்கூழும் மோரும் வேணும்" என்று கேட்டாள். உன் அம்மா ஓடிப்போய்க் கரைத்துக்கொண்டு வந்தாள். பாவாயி இரண்டு வாய் குடித்தாள். தேறிவிட்டாள் என்று நான் கோயிலுக்குப் போய் விழுந்து கும்பிட்டு வந்தேன். அதன் பிறகு நடந்ததை எழுத மாட்டேன். நீ உன் மாமன் வீட்டில் இருந்தாய், பார்க்கவில்லை, அது ஒன்றுதான் நல்லது. பதிமூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். அந்த வாரத்தில் நம் தெருவில் இன்னும் மூன்று வீடுகளில் பிள்ளைகள் போனார்கள். மூன்று வீட்டிலும் எலுமிச்சம்பழம் தேய்த்திருந்தார்கள். மணியக்காரரே தேய்த்தார் என்றுதான் அவர்கள் தேய்த்தார்கள்.

இப்போது தெரிகிறதா, அந்த டாக்டர் நாலாம் நாளைப் பற்றிச் சொன்னபோது நான் ஏன் மேசையைப் பிடித்துக்கொண்டேன் என்று?

அம்மை குத்துகிறவர் மறுபடி வந்தார். நம் வாசலில் வெயிலில் நின்றுகொண்டே புத்தகத்தைத் திறந்தார். உள்ளே வாங்க என்றதற்கு வரவில்லை. "இது உங்க கையெழுத்துதானுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். என் முகத்தையும் அந்தப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். புத்தகத்தை மூடிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, குடையை விரித்துப் போய்விட்டார். மேலே எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்கு மணியம் போயிருக்கும், ஆனால் நான் கொஞ்சம் லேசாகியிருப்பேன்.

ஊரில் எல்லாரும் ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்றார்கள். நீ மாமன் வீட்டிலிருந்து திரும்பி வந்து, "தங்கச்சிக்குத்தான் குத்துனாங்களே, பொறவு ஏனுங்கப்பா?" என்று கேட்டாய். நானும் அதையே சொன்னேன். "குத்துனா மட்டும் என்ன சாமி, ஆத்தா எடுத்துக்கணும்னு நெனச்சா எடுத்துக்குவா." ஆத்தாவின் தலையில் பழியைப் போட்டேன். அவள் மறுத்துப் பேச மாட்டாள் அல்லவா? அந்தப் பேச்சுத்தான் இன்றைக்கு உன் கடிதத்தில் கடைசி வரியாகத் திரும்பி வந்திருக்கிறது.

அதற்குப் பின் நான் கம்பத்துக்கு முதல் மரியாதை வாங்கியதில்லை, இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு சாக்கு. ஆனால் அம்மை குத்துகிற நாளில், எந்த மாதமானாலும், சாவடிக்கு முதலில் போகிறவன் நான். குத்திய பிள்ளைகளைப் புளியமரத்தடியில் வரிசையாக நிறுத்தி, மருந்து காயும் வரை ஒன்றையும் வீட்டுக்கு விட்டதில்லை. எத்தனை பேர் திட்டினார்கள் தெரியுமா? "அந்தாளு புள்ளைங்களக் கட்டிப்போட்டு வெச்சிருக்கறாரு" என்பார்கள். நீகூட ஒரு தடவை என்னிடம், ஏனுங்கப்பா இப்படி, எல்லாரும் சிரிக்கிறாங்க என்றாய். அன்றே சொல்லியிருக்கலாம்.

எனக்கு ஊசியைக் கண்டும் பயம், சாமி. உன் உடம்பில் என்னத்தை ஏற்றுவார்களோ, அந்த முகாமில் படுத்தவர்களைப் போல் நீயும் படுத்துவிடுவாயோ என்று ராத்திரி எழுந்து எழுந்து உட்காருகிறேன். இரண்டு பயத்தையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஊசி போட்டுக் காமாலை வந்தால் நீ படுக்கையில் இருப்பாய், பார்க்க டாக்டர் இருப்பார், எனக்குக் கடிதம் வரும், நான் கீழாநெல்லியோடு ரயில் ஏறி வருவேன். போடாமல் போய் அந்தக் காய்ச்சல் வந்தால் எனக்குத் தந்திதான் வரும். பயந்தவன் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். போன தடவை நான் இரண்டையும் ஏமாற்றப் பார்த்தேன்.

அதனால் கேள். கப்பலேற இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது என்றான் செங்கோடன். அவன் இதைக் கொண்டுவந்து சேர்க்க ஐந்து நாள் ஆகிவிடும். பத்து நாள் உடம்பில் பிடிக்க வேண்டும். நடுவில் உனக்கு மூன்றே நாள்தான் இருக்கிறது. படித்து முடித்ததும் எழுந்து போ. அந்த எழுதுகிறவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், நானும் நல்ல எண்ணத்தில்தான் கையெழுத்துப் போட்டேன். அவரிடம் கோபித்துக்கொள்ளாதே, வேண்டாம் என்று மட்டும் சொல். அங்கே போனபின் பகலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள். லாரிக்காரர்கள் பழைய டயரை எல்லாம் குவித்து வைப்பீர்களாம், மழை பெய்தால் அதற்குள் தண்ணீர் நிற்கும், அந்தக் கொசுவுக்கு அதைவிடச் சௌகரியமான இடம் இல்லையாம். டாக்டர் நீ டிரைவர் என்றதும் முதலில் சொன்னது இதைத்தான். அதன் பக்கத்தில் படுக்காதே, தண்ணீரைக் கவிழ்த்துவிடு. ஊசி போட்டாயிற்று என்ற தைரியத்தில் இதை விட்டுவிடாதே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். யாருக்கு என்று கேட்கவில்லை. "எல்லாத்தையும் எழுதிட்டீங்களா?" என்றாள். எழுதிவிட்டேன் என்றேன். "எலுமிச்சம்பழத்த?" என்றாள். பதினாறு வருஷத்தில் அந்தப் பேச்சை அவள் எடுத்தது இதுதான் முதல் தடவை. எழுதினேன் என்றேன். எழுந்து போய்ச் செங்கோடனுக்குக் கட்டிக் கொடுக்க எள்ளுருண்டை பிடிக்க ஆரம்பித்தாள். உனக்கும் அதில் பங்கு உண்டு, அவன் வழியிலேயே தின்றுவிடாமல் இருந்தால்.

ஊசி போட்ட சீட்டை எனக்கு அனுப்பிக் காட்ட வேண்டாம். சீட்டை நான் நம்ப மாட்டேன், அதை எப்படி எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். போகும்போது செங்கோடனைக் கூட நிறுத்திக்கொள். ஊசி உள்ளே போவதை அவன் தன் கண்ணால் பார்த்துவிட்டு எனக்கு ஒரு கார்டு எழுதட்டும்.

அன்று நீ ஓடியதால் பிழைத்தாய். இந்த ஒரு தடவை ஓடாதே. பாவாயி நின்ற மாதிரி நில். நான் அங்கே இல்லை, உன் கையைப் பிடித்துக்கொள்ள முடியாது, அவளிடம் சொன்ன பொய்யை உன்னிடம் சொல்லவும் மாட்டேன்.

எரியும். கையை நீட்டு, கண்ணு.

உன் அப்பா